பத்து வருச கேரண்டி

ஏனுங் தம்பி, உங்க பேண்ட்டுல சொட்டிருச்சுங்களா? காலைக் கொஞ்சம் அக்கட்ட நகத்திக்கோங்க. வேற ஒண்ணுமில்லீங்க, சேறுதான். கொளத்துச் சேறு. காஞ்சதும் தட்டி உட்டீங்கன்னா போயிரும். பையைக் கீழ வெச்சா கண்டக்டரு சத்தம் போடறாரு, மேல வெச்சா நாலு பேரு தலையில ஒழுகும். அதான் மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கேன். ஈரச் சாக்குல சுத்தியிருக்கேனுங்க. ஈரம் காயக்கூடாது. காஞ்சுபோச்சுன்னா விடியக்காலைல எந்திரிச்சு ஓலப்பாளையம் போய்ட்டு வந்ததே வீணு. என்ற வண்டி ஒர்க்‌ஷாப்புல கெடக்குது, இல்லீன்னா உங்களுக்கு இந்தத் தொந்தரவு வந்திருக்காது.

எதுக்கு மண்ணுன்னு நீங்க வாயில கேக்கல, மூஞ்சில கேட்டுட்டீங்க. வேலைக்குத்தானுங்க. மூணு ரூம் வேலை ஒண்ணு ஓடிட்டிருக்குது. மூணு ரூமுக்கு ரெண்டு கிலோ மண்ணான்னு பாக்கறீங்க. கோபி போய்ச் சேர முக்கா மணி நேரம் ஆகும், ஆரம்பத்துல இருந்து சொன்னாத்தான் வெளங்கும்.

நானு பில்டிங் கான்ட்ராக்டருங்க. சென்னியப்பன்னு கோபியில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. இருவத்தாறு வருசத்துல நூத்துச் சொச்சம் ஊடு கட்டிக் குடுத்திருக்கேன். ஒரு ஊட்டுல ஒழுகுதுன்னு பேச்சு வந்ததில்ல. இன்னிக்கு இந்தப் பை ஒழுகறதுதான் முதல் தடவை.

எங்கூட்டை நீங்க பாக்கோணும். அஞ்சு வருசமாச்சு கட்டி, நேத்து பால் காய்ச்சின மாதிரி இருக்கும். முன்னாடி ஹால் பூரா கிரானைட்டு. வாசக்கதவு தேக்கு, கஜலட்சுமி செதுக்கினது. சோபாவுக்குக் கம்பெனிக்காரன் போட்டு அனுப்பின பாலிதீன் கவரு அப்படியே இருக்குது, ஒரு கீறல் கெடையாது. சுத்தி வாசல் பூரா பேவர் பிளாக்கு பாவிட்டேன். மண்ணே கண்ணுல படாது. வர்றவங்க கேட்டுக்கு வெளிய செருப்பை உட்டுட்டு, பைப்புல காலைக் கழுவிட்டு வந்தாப் போதும். வேற ஒண்ணும் நான் சொல்றதில்ல. கிரகப்பிரவேசத்தன்னிக்கு எங்க பாப்பாத்தியக்கா பேரன் சோபாவுல பாயாசத்தைக் கொட்டிட்டான். அதுக்குக்கூட நான் ஒரு வார்த்தை பேசலீங்க. துணி எடுத்தேன், தொடச்சேன். அவங்கெல்லாம் எந்திரிச்சு நின்னுட்டிருந்தாங்க, மறுபடியும் ஒருக்கா தொடச்சேன். அவ்வளவுதான். அன்னிக்குப் போன ஒறம்பரை, சொந்தக்காரங்க ஒருத்தரும் அப்பறம் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கலீங்க. என்ன கோவமோ, இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல.

எனக்கு ஒரே புள்ளைங்க, கவிநயா. அஞ்சாவது படிக்கறா. போன மாசம் பள்ளிக்கூடத்துல இருந்து வந்தவ, பையைக்கூட எறக்கல, "அப்பா, எனக்கு நாலு ஒடஞ்ச செங்கல்லும் ஒரு மூட்டை காஞ்ச எலையும் வேணுமுங்கப்பா" அப்படீன்னா. எதுக்கு கண்ணுன்னேன். பூச்சி ஊடு கட்டோணுமாம். ஊட்டுக்கு வெளிய ஒரு மூலையில செங்கல்லு, எலை, ஓட்டை போட்ட மூங்கில் எல்லாம் அடுக்கி வெச்சுட்டு, நத்தை, வண்டு, ரயில்பூச்சி எதெல்லாம் வந்து குடியிருக்குதுன்னு இருவத்தோரு நாளைக்குப் பாக்கோணும். ஒரு நோட்டுல தேதி, என்ன வந்தது, எத்தனை, இது மூணும் எழுதோணும். டீச்சரு சொல்லியிருக்காங்க.

நீங்களே சொல்லுங்க. கான்ட்ராக்டர் மகளுங்க. அவ ஊட்டு வாசல்ல ஒடஞ்ச செங்கல்லைக் குமிச்சு வெச்சா, நாளைக்கு எனக்கு எவன் வேலை குடுப்பான்? நீ எழுதறதை மட்டும் பாரு அம்மணி, கட்டறது அப்பன் சோலின்னு சொல்லிப்போட்டேன். அவ என்னமோ சொல்ல வந்தா. நான் அதுக்குள்ள டேப்பை எடுத்து அளக்க ஆரம்பிச்சுட்டேன்.

ரெண்டரை அடி ஒசரம், மூணு மாடி. கதவுக்குப் போக மிச்சமிருந்த தேக்குல சட்டம். மேல சின்னச் சின்ன ஓடு, ஒரு சொட்டு எறங்காது. வாசல் கெழக்கப் பாத்து. ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை அடிச்சேன். எங்கூட்டுக்காரம்மா கோகிலா வந்து இடுப்புல கைய வெச்சுட்டு நின்னு பாத்தா. "ஏனுங்க, இது பூச்சி குடியிருக்கறதுக்குங்க. கலெக்டரு வந்து தங்கறதுக்கில்ல" அப்படீன்னா. கவிநயா கொசுவலையத் தொட்டுப் பாத்துட்டு, "கொசுவும் பூச்சிதானுங்கப்பா"ன்னா. அதுவும் நாயந்தான்னு வலையைப் பிரிச்செடுத்துட்டேன். நாலு பேரு சொல்றதைக் கேக்காதவன் இல்லீங்க நானு. சின்னதா பால் காய்ச்சிரலாம்னு பாத்தேன், கோகிலா மொறச்ச மொறப்புல அதையும் உட்டுட்டேன்.

மொத நாளு புள்ள நோட்டை வெச்சுட்டு முன்னாடி உக்காந்தா. ஒண்ணும் வரல. புது ஊடு, எடம் பழகோணுமல்லன்னு சொன்னேன். ரெண்டாம் நாளு, மூணாம் நாளு, ஒண்ணுங் காணோம். ஒரு எறும்பு வந்துச்சுங்க, படி வரைக்கும் வந்துட்டு, என்னமோ மறந்துபோன மாதிரி திரும்பிப் போயிருச்சு. எட்டு நாளு. ஒருக்கா அவ தூங்கினப்பறம் நோட்டை எடுத்துப் பாத்தேன். எட்டுப் பக்கத்துலயும் அழகா கோடு போட்டு, "இன்று யாரும் வரவில்லை" அப்படீன்னு எழுதியிருக்கா. எண்ணிக்கைக்கு நேரா சைபரு. எட்டு சைபரு. என்ற மனசுக்கு அது ஒப்பலீங்க. கூடப் படிக்கறவன் ஒருத்தன் அட்டைப் பொட்டியில எலையைப் போட்டு வெச்சிருக்கானாம், அதுல பதினாலு வண்டு வந்துச்சாம். அட்டைப் பொட்டியிலீங்க.

ஒம்பதாம் நாளு நான் ஒரு வேலை பண்ணேன். சைட்டுல தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி இதெல்லாம் ஏகத்துக்கும் திரியும். டிபன் பாக்ஸ்ல ஈர எலையப் போட்டு ஒரு நத்தை, நாலு ரயில்பூச்சி, ரெண்டு கருவண்டு புடிச்சுட்டு வந்தேன். இருவத்தாறு வருசத்துல என்ற ஆளுங்க என்னை அப்படிக் குப்புறக் கெடந்து பாத்ததில்ல. காலங்காத்தால மாடிக்கு ரெண்டு மூணா உள்ள குடி வெச்சுட்டு, பல்லு வெளக்கற மாதிரி நின்னுட்டிருந்தேன். புள்ள வந்தா. குனிஞ்சு பாத்தா. மூஞ்சி பூவாட்டம் மலந்துச்சுங்க. அப்பறம் நத்தை முதுகுல ஒட்டியிருந்த சிமெண்ட்டைப் பாத்துட்டு என்னைப் பாத்தா.

"இவங்களா வந்தாங்களா, நீங்க கூட்டிட்டு வந்தீங்களாப்பா?"

"வந்தா என்ன, கூட்டிட்டு வந்தா என்ன கண்ணு? ஊட்டுக்குள்ள இருக்குதல்ல, எழுது."

"வந்தவங்களைத்தான் எழுதோணும். கூட்டிட்டு வந்தவங்களை எழுதக்கூடாது. டீச்சரு சொல்லியிருக்காங்க."

எழுத மாட்டேன்னுட்டா. ஆனா பள்ளிக்கூடம் போற வரைக்கும் அந்த நத்தைகிட்டத்தான் உக்காந்திருந்தா. சிமெண்ட்டை வெரல்ல தண்ணி தொட்டுத் தொட்டு எடுத்து உட்டா. பேரு கூட வெச்சா, சிவராமன்னு. எதுக்கு அந்தப் பேருன்னு எனக்குத் தெரியாதுங்க, எங்க பக்கத்துல யாருக்கும் அந்தப் பேரு கெடையாது.

அடுத்த நாளு காலைல பாத்தா எல்லாம் மல்லாந்து கெடக்குது. ரயில்பூச்சி நாலும் சுருண்டது சுருண்டபடி. வண்டு ரெண்டும் காலைத் தூக்கிட்டு. சிவராமன் மட்டும் படிக்கட்டு வரைக்கும் எறங்கி வந்திருக்கான், அங்கயே நொரை தள்ளிக் காஞ்சு போயிட்டான். புள்ள அதை உள்ளங்கையில எடுத்து வெச்சுட்டு எங்கிட்ட வந்தா. அழுகலீங்க. அழுதிருந்தாத் தேவலை.

"அப்பா, இந்த ஊட்டுக்கு எதாச்சும் மருந்து அடிச்சீங்களா?"

பின்ன அடிக்காமயா? நான் எந்த ஊடு கட்டினாலும் அஸ்திவாரக் கடக்கால்ல கரையான் மருந்து ஊத்தாம ஒரு செங்கல்லு வெச்சதில்ல. மரத்துக்கு ரெண்டு கோட்டு தனியா அடிப்பேன். பார்ட்டி கேக்கோணும்னே இல்ல, நம்ம கையி தன்னால செய்யும். அதைத்தான் சொன்னேன். "முறையா அடிச்சிருக்கு கண்ணு. பத்து வருசத்துக்கு ஒரு பூச்சி அண்டாது. கேரண்டி." சொல்றப்ப பெருமையாத்தான் சொன்னேன். சொல்லி வாயை மூடினப்பறம்தான் என்ன சொன்னேன்னு எனக்கே காதுல உழுந்துச்சு.

அவ உள்ளங்கையை மூடிட்டு வாசலைச் சுத்திப் பாத்தா. "பொதைக்கறதுக்கு மண்ணு வேணும்"னா. மண்ணுக்கு எங்க போறது? வாசல் பூரா பிளாக்கு. ஒரு பிளாக்கைக் கடப்பாரையில நெம்பி எடுத்துக் குடுத்தேன். ஒண்ணை எடுத்தா டிசைனே போயிருமுங்க, இருந்தாலும் எடுத்தேன். அடியில கிரஷர் டஸ்ட்டுங்கற கல்லுத் தூளு, அதுக்கடியில ஜல்லி, ஒரு மொழம் தோண்டினப்பறம்தான் செம்மண்ணு வந்துச்சு. சிவராமனை வெச்சு மூடினா. காலைல ஒரு சொம்பு, பொழுதோட ஒரு சொம்பு தண்ணி ஊத்தினா. செத்துப்போன நத்தைக்குத் தண்ணி என்னத்துக்குன்னு கேக்கலாம்னு வந்துச்சு, கேக்கல.

அப்பறம் எங்கிட்டப் பேச்சே இல்லீங்க. எதாச்சும் வேணும்னா அவங்கம்மாகிட்டச் சொல்லுவா, அவங்கம்மா எங்கிட்டச் சொல்லுவா. மூணு பேரும் ஒரே எடத்துலதான் உக்காந்திருப்போம். அந்தப் பத்தாம் நாளு நோட்டுல என்ன எழுதினான்னு பாத்தேன். "இது எங்கப்பா மருந்து அடித்த வீடு. இன்னும் பத்து வருடத்துக்கு யாரும் வரமாட்டார்கள்." பொய்யின்னு சொல்ல முடியுங்களா? சைட்டுக்குப் போய்க் கம்பி கட்டறதைப் பாத்துட்டு நிக்கறேன், கண்ணுல தண்ணி வருது. என்னாச்சுங்கன்னு ஆளுங்க கேட்டாங்க. தூசின்னேன். எனக்கு எதை வேணாலும் தாங்கற ஒடம்புங்க தம்பி, புள்ள பேசாம இருக்கறதை மட்டும் தாங்கல.

இதுக்கு நடுவால வாசக்கதவுக்குப் பாலிஷ் போட ஆளு வந்தான். வருசா வருசம் போடறதுதான். காயறதுக்காகக் கதவை முழுசாத் தொறந்து, கல்லு முட்டுக் குடுத்து ரெண்டு நாளு உட்டு வெச்சோம். மூணாம் நாளு காலைல காஞ்சிருச்சான்னு தொட்டுப் பாத்துட்டு, கல்லை எடுத்துட்டுச் சாத்தப் போறேன்.

"அப்பா, சாத்தாதீங்கப்பா."

பாத்தா புள்ள சீருடையோட, ஒத்தைச் சடை பின்னினபடி ஓடி வந்து கதவுக்கு நடுவால நிக்கறா. மூணு நாளைக்கப்பறம் எங்கிட்ட அவ பேசின மொதப் பேச்சு அதுதானுங்க. என்ன கண்ணுன்னேன். கையக் காட்டறா. கீல் பக்கம், கதவுக்கும் நெலைச் சட்டத்துக்கும் நடுவால இருக்கற சந்துல, பெருவெரல் மொத்தத்துக்கு ஒரு மண்ணுக் கூடு. ஒரு குளவி, மஞ்சக் காலைத் தொங்கப் போட்டுட்டு வருது, வாயில ஒரு உருண்டை மண்ணு. எங்கிருந்து வருதுன்னு பாக்கறீங்க? நேரா சிவராமனைப் பொதைச்ச எடத்துல இருந்து. எங்க வீதியில மண்ணும் ஈரமும் இருக்கற எடம் அது ஒண்ணுதானுங்க. புள்ள ஊத்தின தண்ணி.

என்ற கதவுங்க, தேக்குங்க, அப்பத்தான் பாலிஷ் போட்டது. சாத்தினா கூடு நசுங்கிரும். சாத்தலீன்னா எப்படி? கோகிலாவைக் கூப்பிட்டேன். குளவி கட்டினா ஊட்டுக்கு நல்லதும்பாங்க, இருந்துட்டுப் போகட்டும், கேட்டைப் பூட்டிக்கலாம்னுட்டா. அன்னிக்குப் பொழுதோட எதிரூட்டம்மா பாக்க வந்துச்சு. குளவி கூடு கட்டினா ஊட்ல யாராச்சும் முழுகாம இருப்பாங்களேன்னு சொல்லிட்டே கோகிலா வயித்தைப் பாத்துச்சு. அதுல இருந்து கோகிலா அந்தக் குளவியை நிமிந்தே பாக்கறதில்ல.

அன்னிக்குத் தொறந்த கதவு இன்னி வரைக்கும் தொறந்தே கெடக்குதுங்க தம்பி. என்ற கஷ்டத்தைக் கேளுங்க. தெருவுல இருக்கற புள்ளைங்க பூரா வந்து பாக்குதுங்க. அட்டைப் பொட்டிப் பையனும் வந்தான். டீச்சரும் ஒரு நாளு வந்துட்டுப் போனாங்க. கூடு நல்லாத் தெரியறது சோபாவுல உக்காந்தாத்தான். பாலிதீன் கவரு சரக்கு சரக்குன்னு சத்தம் போடுதாம், குளவி பயப்படுதாம், அதைக் கழட்டிப்போட்டா எம்புள்ள. அஞ்சு வருசம் காப்பாத்தினதுங்க. ஒருத்தரும் காலு கழுவறதில்ல. முறுக்குத் தூளு, பென்சில் சீவினது, கிரானைட்டு மேல எல்லாம் பரவிக் கெடக்குது. எங்கூட்ல எனக்கு உக்கார எடமில்ல, தரையில உக்காந்திருக்கேன்.

உக்காந்து பாத்தா, தம்பி, தொழில்காரன்னு சொன்னா அது தொழில்காரன். சும்மா சொல்லல. தண்ணி மட்டம் கெடையாது, தூக்குக்குண்டு கெடையாது. வாயில கொழைச்சு, காலுல நிரவி, ஒரு ரூமு. அதுக்குள்ள சிலந்தியப் புடிச்சுட்டு வந்து அடுக்கி, ஒரு முட்டை வெச்சு, வாசலை மண்ணு வெச்சுப் பூசிருது. குஞ்சு பொரிஞ்சா சாப்பாட்டுக்கு வெளிய வர வேண்டியதில்ல. அப்பறம் அடுத்த ரூமு. நான் நாலு நாளா மத்தியானத்துக்கு மேலதான் சைட்டுக்குப் போறேன். வேலை கத்துக்கறதுக்குத்தானுங்க.

நேத்து மூணாவது ரூம்ல வெடிப்பு உழுந்துச்சு. எனக்குப் பாத்ததும் புரிஞ்சுபோச்சு. மண்ணுல டஸ்ட்டு கலந்திருக்குது. நான் பிளாக்குக்கு அடியில கொட்டின கிரஷர் டஸ்ட்டு. எவ்வளவு நல்ல கொத்தனாரா இருந்தாலும் மோசமான மண்ணை வெச்சு என்ன பண்ணுவான்? குளவி ரெண்டு தடவை பூசிப் பாத்துச்சு, உழுந்துருச்சு. அப்பறம் வரல. புள்ள மூஞ்சி சுண்டிப்போச்சு. எங்கிட்ட வந்து, "நல்ல மண்ணு எங்கப்பா கெடைக்கும்?"னு கேட்டா. மண்ணைப் பத்தித் தெரிஞ்சவன் அந்த ஊட்ல நான் ஒருத்தன்தானுங்க.

ஓலப்பாளையம் கொளத்து மண்ணுக்கு ஈடு கெடையாது. கரையிலயே எங்க பாப்பாத்தியக்கா ஊடு. காலைல போய் நின்னதும் அக்காவுக்குக் கையி காலு ஓடல, யாருக்கு என்னாச்சு சென்னியப்பான்னு கேக்கறா. அஞ்சு வருசமா வராதவன் ஏழு மணிக்கு வந்து நின்னா அப்படித்தான் தோணும். குளவிக்கு மண்ணு வேணும்னு சொன்னேன். அக்கா சேலையத் தூக்கிச் சொருகிட்டு எங்கூடவே கொளத்துல எறங்கிட்டா. ரெண்டு பேரும் முட்டிச் சேத்துல நின்னு அள்ளினோம். நாளைக்கு ஞாயித்துக்கெழமை, குளவி கட்டற ஊட்டைப் பாக்க புள்ளை குட்டியெல்லாம் கூட்டிட்டுப் பதினோரு பேரு வர்றாங்களாம். பாயாசம் வேற கொண்டாறாளாம். காலு கழுவச் சொல்லலாம்னா பைப்பாண்டதான் இந்த மண்ணைக் கொழைச்சு வெக்கோணும், அங்க யாரையும் உட முடியாது. என்ன பண்றதுன்னே தெரியலீங்க.

அதா, கோபி பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. நேத்து வரைக்குமான நோட்டைக் கேளுங்க, எறங்கறதுக்குள்ள சொல்லிர்றேன். திருட்டுத்தனமா இல்லீங்க, இப்ப அவளே காட்டறா. பதிமூணாம் நாள்ல இருந்து சைபரு கெடையாது. ஒரே மாதிரிதான் எழுதியிருக்கா, நாலு நாளும். என்ன வந்தது: குளவி. எத்தனை: ஒன்று. அதுக்குக் கீழ இன்னொரு வரி. என்ன வந்தது: அப்பா. எத்தனை: ஒன்று.

கூட்டிட்டு வந்தவங்களை எழுதக்கூடாதுன்னு அவதானுங்க சொன்னா. நான் எங்க வந்தேன் கண்ணு, இங்கயேதான இருக்கறேன்னு கேட்டேன். அவ அடிக்கோடு போட்டுட்டிருந்தா.

சரி தம்பி, கொஞ்சம் வழி உடுங்க. இந்தப் பக்கத்தை மட்டும் ஒரு கையி புடிச்சீங்கன்னா எறங்கிருவேன். பத்து மணிக்கு வெயில் வந்ததும் மேஸ்திரி வேலைக்கு வந்துரும். அதுக்குள்ள சித்தாளு மண்ணைக் கொழைச்சு வெச்சிருக்கோணும்.